ஊசிக்குப் பதில் ஆணி

அந்தோணியம்மாள் அக்காவின் வேலை போனதற்குக் காரணம் நான். அவர் அடித்த செம்புப் பின்கள் காரணமில்லை, அட்டைப்பெட்டி காரணமில்லை, லாரியில் ஏற்றி இறக்கியவர்கள் காரணமில்லை... நான்.

பன்னிரண்டு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. இதுவும் கோழைத்தனம்தானே என்று கேட்கிறீர்களா? கோழைத்தனம்தான். மேலே கேளுங்கள்.

நீங்கள் கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். உப்பலாக இருந்தால் நல்ல பாக்கெட் என்று கூடையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது என்று உங்களுக்காக எங்கோ ஒருவன் பார்த்துச் சொல்லியிருக்கிறான் என்ற நம்பிக்கை அது. எங்கள் கம்பெனியில் அந்த ஒருவன் நான்.

உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட கம்பெனி அது. இறால் பொடி, நெத்தலிக் கருவாடு, மாசித் தூள் என்று பளபளக்கும் உறைகளில் அடைத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவோம். பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

நான் அபிராமத்துப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிற வீடு. கடல் எங்களுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிற பொருள். டிப்ளமோ முடித்த கையோடு வந்த என்னை ஓர் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றிச் சொல்லாமல் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

கண்ணாடி போல் தெளிவான கனத்த பிளாஸ்டிக் தொட்டி. முக்கால்வாசி தண்ணீர். பாக்கெட்டை உள்ளே போட்டு, மிதந்து வராமல் ஓட்டைத் தட்டால் அமுக்கி, மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சத் தொடங்கும். மேலே வட்ட மீட்டரில் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு அரை நிமிடம் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். சுற்றிலும் காற்று குறைவதால் பாக்கெட் உப்பிக்கொண்டு வரும். எங்காவது ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழிகள் கிளம்பும். உறையின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளும் உண்டு, அவை ஏமாற்றும். ஒன்று போன இடத்திலிருந்தே அடுத்ததும் அதற்கடுத்ததும் வந்தால்தான் கசிவு. அப்படி வந்தால் அன்றைய சரக்கு முழுவதையும் நான் நிறுத்திவிடலாம். மேனேஜரே சொன்னாலும் என் கையெழுத்து இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. இருபத்தொரு வயதில் எனக்கு அந்த அதிகாரம்!

அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இப்போதும் உள்ளே என்னவோ செய்கிறது... எல்லோருக்கும் முன்னால் போய்விடுவேன். நேற்றைய தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியை மெல்லிய துணியால் துடைத்து, சுத்திகரித்த தண்ணீரை நிரப்புவேன். போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. இரண்டே நாளில் தொட்டிச் சுவரில் வெள்ளை படிந்து குமிழி கண்ணுக்குத் தெரியாமல் போகும். பம்புக்குப் போகும் குழாயில் சிறு கிண்ணம் ஒன்று இருக்கும், அதில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும்.

கடைசியாக ஊசிச் சோதனை. நல்ல பாக்கெட் ஒன்றை எடுத்துத் தையல் ஊசியால் ஒரு குத்துக் குத்தி உள்ளே போடுவேன். அந்தக் குத்திலிருந்து குமிழி வந்தால் இயந்திரம் உண்மை சொல்கிறது என்று அர்த்தம். நோட்டில் "ஊசிச் சோதனை: சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பாக்கெட்டைச் சோதிப்பதற்கு முன்னால் சோதிக்கிற இயந்திரத்தைச் சோதிப்பது. அந்த ஏற்பாடு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

அந்தோணியம்மாள் அக்கா தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் நாட்டுப் படகில் கடலுக்குப் போகிறவர். அதுவரை கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு, கழுத்தில் பெயரட்டை மாட்டிக்கொண்டு போகிற வேலை கிடைத்ததில் அப்படி ஒரு நிமிர்வு. பஸ்ஸில்கூட அதைக் கழற்ற மாட்டார். நான் சரி என்று விட்ட பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, மேல் மடிப்பை மூடி, செம்பு நிறப் பின்களை அடித்து ஒட்டுவது அவர் வேலை. என் மேஜைக்கு நேர் எதிரே.

என் தொட்டியை அவர் மீன் தொட்டி என்பார். "தம்பி, ஒன் மீன் தொட்டியில இன்னைக்கு என்ன பாடு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்; பாடு என்றால் அன்று வலையில் பட்ட மீன். எதுவும் சிக்கவில்லை என்றால், "ஊர்க்காட்டுலருந்து வந்த புள்ளைக்கு வலை வீசத் தெரியுமா" என்று அறை முழுவதும் கேட்கச் சொல்வார். கடலில்லாத ஊரெல்லாம் அவருக்கு ஊர்க்காடு. எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிப்பேன். அவர் வராத நாளில் அந்த அறையில் வேலையே ஓடாது.

மதியம் சரக்கு ஏற்றும் மேடையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அவர் குழம்பு மீன் என் தட்டுக்கு வரும், என் வீட்டுக் குண்டு மிளகாய்த் துவையல் அவர் தட்டுக்குப் போகும். காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பார். "முள்ளப் பாத்துத் தின்னு தம்பி. இங்கன தொண்டையில சிக்குச்சுன்னா ஒன் மெசினா வந்து எடுக்கும்?" இன்றும் நான் மீன் சாப்பிடும்போது அந்தக் குரலுக்குத்தான் முள்ளைப் பார்க்கிறேன்.

அவர் வேலையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. இரண்டும் யாரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல. பின் அடிப்பதற்கு முன் மேல் மடிப்புக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகுவார், பின்னின் கால் உள்ளே இருக்கும் உறையைத் தொட்டுவிடக் கூடாது என்று. ஒரு பெட்டிக்குக்கூடத் தவறியதில்லை. நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பெட்டியின் அடிப்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் "அ" போடுவார். எதற்கு என்று கேட்டேன். "தப்பு வந்தா யாரு கட்டுனதுன்னு தெரியணும்ல" என்றார்.

இனி என் தப்பு.

மூடியின் ரப்பர் வறண்டு லேசாக வெடித்திருந்தது. அதற்கென்று இயந்திரத்தோடு ஒரு பசை வந்திருந்தது, அது தீர்ந்துபோயிருந்தது. வேறு எந்த எண்ணெயும் தொடக் கூடாது என்று மூடியிலேயே தாள் ஒட்டியிருந்தார்கள். தினமும் படித்த தாள்தான். ஆனால் எங்கள் தோட்டத்து அடிபம்பு என் நினைவுக்கு வந்தது. அதன் தோல் வாசர் காய்ந்து தண்ணீர் ஏறாமல் போனால், அய்யா அதைக் கழற்றித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து மாட்டுவார். அடுத்த அடியிலேயே தண்ணீர் கொட்டும். அதே யோசனையில், சாப்பாட்டுக் கூடத்திலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து ரப்பர் முழுவதும் நன்றாகத் தடவினேன். தோலுக்குச் செய்வதை ரப்பருக்குச் செய்தேன். அடிபம்பு வைத்த வீட்டுப்பிள்ளைக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

முதலில் அது வேலை செய்தது, அதுதான் கொடுமை. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது, முள் விறுவிறுவென்று ஏறியது. அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். மேனேஜர் அந்த வாரம் வெளியூரிலிருந்து வந்தவர்களிடம், "இவர்தான் எங்க இன்ஜினியர்" என்று என்னைக் காட்டினார். நான் திருத்தவில்லை.

நான் நாள்தோறும் எண்ணெய் தடவினேன். ரப்பர் ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகி, தன் பள்ளத்தை விட்டு வெளியே நெளிந்தது. ஒரு திங்கட்கிழமை முள் சிவப்புக் கோட்டுக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. முழங்கைகளால் மூடியை அமுக்கினேன். கொஞ்சம் ஏறியது. உப்பு மூட்டை ஒன்றைத் தூக்கி மேலே வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஏறியது. கோட்டைத் தொடவில்லை.

ஊசியால் குத்திய பாக்கெட்டை உள்ளே போட்டேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

அந்த நிமிடம் நான் எழுந்து போய், "சார், ரப்பர் போச்சு, நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். புது ரப்பர் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை சரக்குப் போகாது, திட்டுவார். அவ்வளவுதான். வேலை போயிருக்காது. ஆனால் இன்ஜினியர் மூடிக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார் என்று அறையே சிரிக்கும்... அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். வேறொன்றும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை தேடியிருக்கிறேன்.

சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் குத்திப் பார்த்தேன். குமிழி இல்லை. மேடைப் பக்கம் கிடந்த பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி வந்து அதனால் குத்தினேன். குமிழி வந்தது. நோட்டை எடுத்து "ஊசிச் சோதனை: சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு நாட்கள் ஆணியால் குத்தினேன். எட்டு நாட்களும் முள் கோட்டைத் தொட்டதாக எழுதினேன். எதிரே அக்கா பெட்டி பெட்டியாக அட்டைத் துண்டு செருகிப் பின் அடித்துக்கொண்டிருந்தார், நான் சரி என்று விட்டதையெல்லாம். இதற்கிடையில், ரப்பர் பழசாகிவிட்டது என்று மேனேஜரிடம் பொதுவாகச் சொல்லிப் புதியது வரவழைத்தேன். ஒன்பதாம் நாள் அதை மாட்டியதும் ஊசிக் குத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள் கிளம்பின. பழைய ரப்பரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போய் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எறிந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்களா? தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மதுரையிலிருந்து சில பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே இறால் பொடி ஈரம் ஏறிக் கட்டியாகிப் பூஞ்சை பிடித்து நாறியது. உறையின் தேதியைப் பார்த்தேன். என் எட்டு நாட்களில் ஒன்று.

ஒரே ஒரு பாக்கெட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு துளை இருந்தது. அது எதனால் ஆனதோ, கடையில் என்ன பட்டதோ. மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் நோட்டைப் புரட்டினார். எல்லா நாளும் சரி, சரி, சரி. "இங்கிருந்து நல்லாத்தான் போயிருக்கு. அப்ப இது பின்னு குத்துனதுதான். எதுக்கும் மிச்சத்தத் தண்ணியில போட்டுப் பாத்துச் சொல்லு" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வந்த பாக்கெட்டுகளில் ஆறை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டேன். புது ரப்பர், முள் கோட்டைத் தொட்டு அசையாமல் நின்றது. ஆறில் நான்கில், உறையின் வாய் ஒட்டப்பட்டிருந்த மூலையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஒட்டும்போது மூலையில் பொடி சிக்கிக்கொண்டிருக்கிறது. சிறிய கசிவு. இயந்திரம் நல்லபடியாக இருந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். பின் அடிக்கிற இடத்துக்கும் அந்த மூலைக்கும் சம்பந்தமே இல்லை.

மேடையிலிருந்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, சோறு ஆறுது, வாரியா?"

"வாரேன்க்கா" என்றேன். அந்த நான்கையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். தாளில், "ஒட்டிய இடத்தில் குறை இல்லை" என்று எழுதினேன். பிறகு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆம், சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த "அ"வைக் காட்டினார். அக்கா மறுக்கவில்லை. "நான் கட்டுனதுதான் சார். ஆனா என் பின்னு உள்ள எறங்காது. அட்ட வச்சுத்தான் அடிப்பேன்." அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. எதுத்தாப்புலதான ஒக்காந்துருக்க. நீ பாத்துருக்கேல்ல?"

பார்த்திருக்கிறேன் என்ற ஒரு சொல் போதும். என் நோட்டைக்கூட நான் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். ஆனால் பின் இல்லையென்றால் வேறு எது என்று அடுத்த கேள்வி வரும். அது என் மேஜைக்குத்தான் வரும்.

"நான் மெசினை மட்டுந்தான்க்கா பாக்குறேன்" என்றேன்.

மேனேஜர் அவரை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த பெயரட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மேனேஜரிடம் கொடுக்க வேண்டியதை ஏன் என்னிடம் வைத்தார்? இன்றுவரை யோசிக்கிறேன்.

அதன் பிறகு அந்த அறை முன்போல் இல்லை. எதிர் மேஜைக்கு வேறு யாரோ வந்தார்கள், போனார்கள். எனக்குப் பதவி உயர்ந்தது. இப்போது தனி அறை, குளிர்பதனம். இயந்திரமும் இரண்டு முறை மாறிவிட்டது. ஆனாலும் காலையில் ஊசியை யாரிடமும் கொடுப்பதில்லை. ஊசிச் சோதனையை நான்தான் செய்கிறேன். அதனால் என்ன? பன்னிரண்டு வருடம் ஒழுங்காகக் குத்தினால் அந்த எட்டு நாள் கழிந்துவிடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பைக்கில் பாலத்தில் போகும்போது வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏலே, இங்கன வர வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அய்யா எப்படி இருக்கிறார், பிள்ளைகள் எத்தனை, துவையல் இப்போது யார் அரைக்கிறார்கள் என்று கேட்டார். மீன் பொரித்து வைத்தார்.

"அக்கா, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"விடு தம்பி" என்றார். "அன்னைக்கு ஒம்மேல கோவந்தான். எனக்காக ஒரு வார்த்த சொல்லலையேன்னு. பெறகு நெனச்சுப் பாத்தேன், பாக்காததப் பாத்தேன்னு எப்புடிச் சொல்லுவ? நீ நேர்மையான புள்ள. எனக்குத்தான் கண்ணு அப்பவே மங்கிருச்சு போல. பின்னு உள்ள எறங்குனது தெரியாமலே அடிச்சுருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மீனைப் போட்டுக்கொண்டேன்.

அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார். முன்பெல்லாம் மாதா கோயில் திருவிழாவுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டுவது அவர்தானாம். அவர் கட்டினால் பிரியாது என்று பெயராம். "இப்ப வேணாம்னுட்டேன். வெங்காயம் உரிக்கிறதோட சரி. நம்ம கையால எதையும் கட்டிக் குடுத்து, அது போற எடத்துல கெட்டுப்போச்சுன்னா?" என்று சிரித்தார்.

நீங்கள் கேட்கலாம், அப்போதாவது சொன்னாயா என்று. தன் கையை நம்பாமல் ஒருத்தி பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே நீ அவள் பொரித்த மீனைத் தின்றுகொண்டிருக்கிறாய், அப்போதுமா சொல்லவில்லை என்று. சொல்லவில்லை. நேர்மையான பிள்ளை என்று அவர் சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கொஞ்சம் நெத்தலிக் கருவாடு எடுத்து வந்தார். செய்தித்தாளில் மடித்துப் பையில் போட்டு நூலால் கட்டினார். கட்டியதை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது முறை கட்டிய பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"நீ பாத்துச் சொல்லு தம்பி. கட்டு சரியா இருக்கா?"

முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இம்மிகூட அசையவில்லை.

"சரியா இருக்குக்கா."

"நீ சொன்னாச் சரிதான்" என்றார். அதன் பிறகுதான் பொட்டலத்திலிருந்து கையை எடுத்தார்.